கிடைத்த இறைச்சியைக் கோழிக்குப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்ப்பவர்களுக்கு இறைச்சி ஏதோ ஒரு வழியில் வந்துகொண்டேதான் இருக்கும். கறிக்கடையில் சும்மா தரும் ஜவ்வு, மீன் வெட்டும் இடத்தில் ஒதுக்கும் தலை, விருந்து முடிந்து மிஞ்சியது, பொறியில் விழுந்த எலி, ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் முயல். தீவன விலை ஏறும்போது இதையெல்லாம் பார்த்ததும் கை நீளத்தான் செய்யும். புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கோழி தானியம் தின்னும் பறவைதானே? அதற்கு எதற்கு இறைச்சி?

கோழி அனைத்துண்ணி. அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி காட்டில் விதையும் தின்னும், கறையானும் தின்னும், புழு பூச்சி பல்லிக்குட்டி எது கிடைத்தாலும் விடாது. திறந்துவிட்ட கோழி குப்பைமேட்டைக் கிளறுவது நெல்லுக்காக மட்டும் இல்லை. சுண்டெலிக் குஞ்சு ஒன்று கண்ணில் பட்டால் நாலு கோழி சேர்ந்து துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது.

சரி, தின்னும். ஆனால் அதனால் பயன் இருக்கிறதா?

இருக்கிறது. குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் தீவனத்தில் சுமார் 20 சதவீதம் புரதம் வேண்டும். முட்டையிடும் பெட்டைக்கு 16 முதல் 18 சதவீதம். அரிசி, கம்பு, மக்காச்சோளம் மட்டும் போட்டால் 8 முதல் 12 சதவீதம்தான் வரும். அளவு மட்டும் இல்லை, தரத்திலும் குறை உண்டு: லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் தானியங்களில் போதுமான அளவு கிடையாது. இறகு முளைக்க மெத்தியோனின் அவசியம். அதனால்தான் இறகு உதிர்க்கும் காலத்தில் கோழிகள் மாமிசத்துக்கு அலைகின்றன. பி12 வைட்டமினும் தானியத்தில் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் இறைச்சி தராது. முட்டையிடும் பெட்டையின் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும். சதையில் அது அநேகமாக இல்லை. கிளிஞ்சல் துண்டோ, நொறுக்கிய முட்டை ஓடோ தனியாக வைத்தே ஆகவேண்டும்.

அப்படியானால் எந்த இறைச்சியைக் கொடுக்கலாம்?

"ஆடா, மாடா, மீனா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த உயிர் எப்படிச் செத்தது? செத்து எவ்வளவு நேரம் ஆயிற்று? இரண்டுக்கும் உங்களுக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்தால் கொடுக்கலாம். காலையில் வெட்டிய ஆட்டின் ஜவ்வு, நுரையீரல், மண்ணீரல், கொழுப்பு நீக்கிய துண்டு ஆகியவற்றை அன்றைக்கே வேகவைத்துப் போட்டால் தவறே இல்லை. எப்படிச் செத்தது என்று தெரியாமல் தரையில் கிடந்து எடுத்ததை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், கோழிக்கு வைக்காதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டு கேள்விகளின் விளக்கம்தான்.

கோழி செத்ததைத் தின்னும், அதில் நெளியும் புழுவையும் தின்னும். அதற்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையால் ஒரே நாளில் கூண்டு காலியானவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். பல பிராணிகளின் குடலிலும் இருக்கும். உயிரோடு இருக்கும்வரை அவற்றால் பெரிதாகத் தொல்லை இல்லை. பிராணி செத்து, உடலுக்குள் காற்றில்லாமல், வெயிலில் சூடேறிக் கிடக்கும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். நாம் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் அது ஒன்று.

அடுத்து ஈ வந்து முட்டையிடும். புழு அந்தச் சதையைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். புழுவுக்கு எதுவும் ஆகாது. கோழி அந்தப் புழுக்களைப் பொறுக்கித் தின்றால் நஞ்சு மொத்தமாக அதன் வயிற்றுக்குப் போய்ச் சேரும். இது இன்று நேற்று கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் ஐடா பெங்ட்சன் என்ற பாக்டீரியா ஆய்வாளர் 1922-லேயே பச்சை ஈயின் புழுக்களிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று சி வகை என்று அழைக்கப்படும் நஞ்சு அது. கோழி, வாத்துகளை அதிகம் கொல்லும் வகையும் அதுதான்.

அதே அமெரிக்காவில் சிலர் அடிபட்டுச் செத்த பிராணியை ஓட்டை போட்ட வாளியில் கட்டித் தொங்கவிட்டு, கீழே உதிரும் புழுக்களைக் கோழிகளைத் தின்ன விடுகிறார்கள். பல மாதம் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். எந்த உடலில் நஞ்சு இருக்கிறது என்று பார்த்தோ மோந்தோ சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். தயவுசெய்து அதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

கோழி கழுத்தைத் தூக்க முடியாமல் கிடக்கிறது. வெள்ளைக்கழிச்சலா, இந்த நஞ்சா?

பொட்டுலிச நஞ்சு என்றால் தசை தளர்ந்து போகும். முதலில் கால் தள்ளாடும், அப்புறம் இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து துவண்டு தலை தரையில் படியும். கண்ணிமை பாதி மூடியே இருக்கும். இறகைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும். தின்ற சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தெரிந்துவிடும். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த பல கோழிகள் ஒரே சமயத்தில் விழும்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயில் கழுத்து துவளாது, திருகிக்கொள்ளும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் இருக்கும். கூட்டத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். இரண்டும் கலந்தாற்போல் தெரிகிற கோழிகளும் உண்டு, ஆகவே முடிவைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

நஞ்சுதான் என்று தோன்றினால் உடனே செய்ய வேண்டியது, செத்த பொருள் எங்கே கிடக்கிறது என்று தேடி அப்புறப்படுத்துவது. வேலியோரம், வைக்கோல் போருக்கு அடியில், கிணற்றடிப் புதர் எல்லாம் பாருங்கள். நேற்று செத்த கோழியே இன்றைக்கு மற்றவற்றின் இரையாகலாம். லேசாகப் பாதிக்கப்பட்டவற்றை நிழலில் தனியாக வைத்து, புரை ஏறாமல் துளித் துளியாகத் தண்ணீர் கொடுத்தால் சில நாளில் தேறுவதுண்டு. கழுத்தே எழும்பாதவை பிழைப்பது அரிது. விழுந்த கோழியை அறுத்துக் குழம்பு வைக்க வேண்டாம்.

நன்றாக வேகவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

பெரும்பகுதி சரியாகும், எல்லாமும் ஆகாது. துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் முழுதாக அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் சால்மோனெல்லா என்ற குடல் பாக்டீரியா, ராணிக்கெட் வைரஸ், பறவைக் காய்ச்சல் வைரஸ் எல்லாம் அழியும். பொட்டுலிச நஞ்சும் சிதையும். ஆனால் அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. வேகவைத்ததை மூடிபோட்டு ராத்திரி முழுக்க அடுப்பங்கரையில் வைத்தால் அந்த வித்துகள் மறுபடி முளைக்க நாமே இடம் செய்து கொடுத்த மாதிரிதான். ஆறியதும் போட வேண்டும், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

எலி மருந்து, பூச்சிமருந்து, மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து இவற்றையெல்லாம் கொதிக்க வைத்துப் போக்கிவிட முடியாது. அதனால் "வேகவைத்துக்கொள்ளலாம்" என்ற தைரியத்தில் அழுகியதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தொழுவத்தில் மாடு செத்துவிட்டது. அவ்வளவு இறைச்சி வீணாகிறதே?

வீணாகட்டும். நோயில் செத்த மாட்டைக் கோழிக்குப் போடுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ். திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருரத்தம் வந்தால் அதுவாக இருக்கலாம். அந்த உடலைக் கத்தியால் கீறவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். இதில் கோழிக்கு ஒரு சிறப்பு உண்டு: அதன் உடல் வெப்பம் 41, 42 டிகிரி செல்சியஸ் என்பதால் அடைப்பான் கிருமி அதில் எளிதில் வளராது. லூயி பாஸ்டர் 1878-ல் கோழியின் கால்களைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, உடல் சூட்டைத் தணித்த பிறகே அதற்கு அந்த நோயை வரவைக்க முடிந்தது. "என் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். இறைச்சியை வெட்டிப் போட்ட மனிதருக்குத்தான் ஆபத்து. கையில் வலியில்லாத கருப்புப் புண்ணாகத் தொடங்கி உயிர்வரை போகலாம்.

இரண்டாவது மருந்து. சாவதற்கு முன் அந்த மாட்டுக்கு என்னென்ன ஊசி போட்டார்கள்? இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் எப்படி அழிந்தன என்று நினைத்துப் பாருங்கள். வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் செத்த உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. சில இனங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் போயின. 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போது மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் அவை கூடு கட்டி வாழ்கின்றன. கோழி கழுகு அளவுக்கு அந்த மருந்துக்கு எளிதில் பலியாகாது, ஆனால் அளவு கூடினால் அதன் சிறுநீரகமும் கெடும். அதோடு கழுகின் முட்டையை நாம் தின்பதில்லை, கோழியின் முட்டையை நம் பிள்ளைகள் தின்கிறார்கள்.

ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, கிணற்றுக்குத் தூரமாகப் புதைத்துவிடுங்கள். அடைப்பான் சந்தேகம் இருந்தால் புதைப்பதற்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

ரோட்டில் அடிபட்ட முயல், மயில், உடும்பு? அது நோயில் சாகவில்லையே.

அடிபட்டதற்கு முன்பே நோயில் தள்ளாடியதா என்று தெரியாது. அது ஒருபுறம் இருக்க, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி செத்துக் கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. எடுத்து வந்தால் வழக்கு வரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோழி தானாகவே எலியைப் பிடித்துத் தின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எலி மருந்து வைக்கவில்லை என்றால் பயம் வேண்டாம். வைத்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியின் இரைப்பையில் மருந்து மிச்சம் இருக்கும். புரோமாடயலோன் கேக் தின்ற எலி நாலைந்து நாள் கழித்துத்தான் சாகும், அதுவரை மந்தமாகத் திரிந்து கோழிக்குச் சுலபமாக மாட்டும். அந்த மருந்து கோழியின் ஈரலில் பல வாரம் தங்கும், முட்டைக்கும் போகும். கோழி வளர்க்கும் வீட்டில் மருந்தைவிட எலிப்பொறிதான் நல்லது.

கோழிக்கடைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆட்டுக் கழிவைவிட இதில் பயம் அதிகம், ஏனென்றால் ஒரு கோழியின் நோய் இன்னொரு கோழிக்கு நேராகவே ஒட்டும். ராணிக்கெட் வைரஸ் குடல், சதை, எலும்பு மச்சை எல்லாவற்றிலும் இருக்கும். உறையவைத்த இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தியாவில் இந்த நோய் 1920களின் பிற்பகுதியில் உத்தராகண்டின் ராணிக்கெட்டில் அடையாளம் காணப்பட்டது. அதனால்தான் அந்த ஊரின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிக் கூட்டத்தை அடியோடு வாரிக்கொண்டு போவது அதுதான்.

பறவைக் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் தொடங்கி இந்தியாவில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2014-ல் கேரளத்தின் குட்டநாட்டுப் பக்கம் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானில் முதலில் செத்து விழுந்தவை காகங்கள். எங்காவது காகம், கொக்கு, வாத்து செத்துக் கிடந்தால் கோழிகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

கழிவை வேகவைத்துப் போடலாமே என்பீர்கள். வேகவைத்தது சுத்தமாகும். ஆனால் பச்சையாகக் கொண்டுவந்த வாளி, கழுவிய தண்ணீர், வெட்டிய கத்தி, உங்கள் செருப்பு? நோய் உள்ளே வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

மீன் தலை, குடல், கருவாடு?

கடலோரத்தில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. மூன்று கவனம் வேண்டும். கெண்டை, மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அடிக்கடி பச்சையாகப் போட்டால் குஞ்சுகள் தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்த்தபடி விழும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். கருவாட்டில் உப்பு மிகுதி, அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் குறைவாக இருக்கும் கோடையில் உப்பு கோழியைக் கொன்றுவிடும். அப்புறம் நாள்பட்டு எண்ணெய் கசிந்து காறிப்போன மீன் வேண்டாம். கெட்டுப்போன கொழுப்பு உடம்பில் உள்ள ஈ வைட்டமினை அழித்து, குஞ்சுகளின் மூளையைப் பாதிக்கும்.

முட்டையில் மீன் வாடை வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நிறுத்தினால் சில நாளில் போய்விடும்.

எவ்வளவு கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது?

ஒரு நாட்டுக்கோழி நாளைக்கு 80 முதல் 100 கிராம் தீவனம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறைச்சி போகக்கூடாது. பத்துக் கோழிக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் போதும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். கொழுப்பை முடிந்தவரை வழித்து எடுங்கள். நீளநீளமான ஜவ்வு, தோல், முடி, நரம்பு இவை கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும், அதனால் விரல்நுனி அளவுக்கு நறுக்குங்கள். குழம்பில் கிடந்த எலும்பு என்றால் உப்பும் மசாலாவும் இருக்கும், கழுவாமல் போடாதீர்கள். ஆட்டு ரத்தம் கிடைத்தால் வேகவைத்துக் கட்டியாக்கி உதிர்த்து, தவிட்டோடு பிசைந்து கொடுங்கள். கோழிகள் சண்டை போட்டுத் தின்னும்.

மண்ணில் வீசாமல் அகலத் தட்டில் வையுங்கள். கால்மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுதான் வைக்க வேண்டும். மிச்சத்தை எடுத்துவிட்டால் ஈயும் வராது, எலியும் வராது, எலியைத் தேடிப் பாம்பும் வராது.

ரத்தம் பழகினால் ஒன்றையொன்று கொத்தித் தின்னுமாமே?

இல்லை. கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதற்குக் காரணம் நெருக்கடி, அதிக வெளிச்சம், வெப்பம், புரதமோ உப்போ குறைவது. பல சமயம் சரியான அளவு மாமிசப் புரதம் கொடுத்தால் கொத்துவது குறையவே செய்யும். காயம்பட்டு ரத்தம் கசியும் கோழியை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து வையுங்கள்.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் இருக்கிறதா? நம் ஊரில்?

பிரிட்டனில் 2001-ல் கோமாரி நோய் பெரும் அழிவை உண்டாக்கியது. பன்றிகளுக்குச் சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்டதிலிருந்து அது தொடங்கியதாகக் கண்டார்கள். அதன்பிறகு அங்கே வீட்டில் வளர்க்கும் இரண்டு கோழிக்குக்கூடச் சமையலறை மிச்சத்தைப் போடுவது சட்டவிரோதம். நம் நாட்டில் பால், இறைச்சி தரும் கால்நடைகளுக்கு இறைச்சித்தூள், எலும்புத்தூள் கலந்த தீவனம் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியில் கோழி, பன்றி, மீன் மூன்றுக்கும் விலக்கு உண்டு. அதாவது கோழிக்கு மாமிசம் தடை இல்லை. பசுவுக்கும் ஆட்டுக்கும் தடை. கோழித் தட்டில் மிஞ்சியதை ஆடு நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பயம் இருந்தால் மாமிசப் புரதத்துக்கு வேறு வழி என்ன?

கறையான். நம் கிராமங்களில் இதற்கு அருமையான முறை ஒன்று இருக்கிறது, இப்போது மறந்துவருகிறோம் என்பதுதான் வருத்தம். பழைய மண்பானையில் கிழிந்த சணல் சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மரத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் நடமாட்டம் உள்ள மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானைக்குள் கறையான் அப்பியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகள் முன் தட்டிவிட வேண்டும். செலவே இல்லை. புரதமும் செரிமானமும் குஞ்சுக்கு இதைவிட நன்றாக வாய்ப்பது கஷ்டம்.

புழு வேண்டும் என்றால் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவை வளர்க்கலாம். காய வைத்தால் அதில் சுமார் 40 சதவீதம் புரதம். காய்கறிக் கழிவிலும் பழத்தோலிலும் மட்டும் வளருங்கள், செத்ததில் வளர்க்காதீர்கள். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியும் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம், அதை மட்டும் நம்ப முடியாது. மண்புழுவையும் நத்தையையும் நிறையத் தின்னும் கோழிக்கு நாடாப்புழு போன்ற குடற்புழுக்கள் வரும் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுத்து வரவேண்டும்.

எல்லாம் கவனமாகச் செய்தும் ஒரு கோழி செத்துவிட்டது. அதை என்ன செய்வது?

குப்பைமேட்டில் வீசாதீர்கள். நாய் இழுத்து வந்து உங்கள் கூண்டருகிலேயே போட்டுவிடும். அன்றைக்கே மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்போடு புதையுங்கள். ஒன்றுக்கு மேல் செத்தால் ஒரு உடலைப் புதைக்காமல், இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் உடற்கூறு செய்து காரணம் சொல்வார்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு மற்றக் கோழிகளுக்குத் தீனி வையுங்கள்.